வி.பி.என். தொடர்பு ஏன் அடிக்கடி அறுபடுகிறது?

அரசாங்க அலுவலகங்களில் இரகசியக் கடிதங்களை அனுப்பும் முறை பலருக்கும் தெரிந்ததே. கடிதத்தை முதலில் ஓர் உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, மேலே ‘இரகசியம்’ என்று குறிப்பார்கள். பிறகு அவ்வுறையை மற்றொரு சாதாரண உறைக்குள் வைத்து, அதன்மேல் முகவரியை மட்டும் எழுதுவார்கள். வழியில் தபாலைக் கையாள்பவர் எவரும் வெளியுறையின் முகவரியை மட்டுமே படிக்க முடியும். உள்ளே இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இன்று நம் வீட்டுக் கணிப்பொறியிலிருந்து அலுவலகக் கணிப்பொறிக்குச் செய்தி செல்லும் ‘மெய்நிகர் தனிப் பிணையம்’, அதாவது வி.பி.என். என்று சுருக்கமாக வழங்கும் ஏற்பாடு, ஏறத்தாழ இம்முறையையே பின்பற்றுகிறது. நாம் அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் மறையாக்கம் செய்யப்பட்டு, மற்றொரு பொதிக்குள் வைக்கப்பட்டு, பொதுவான இணையப் பாதையிலேயே செல்கிறது. அலுவலக வாயிலில் வெளியுறை நீக்கப்பட்டு, உள்ளுறை பிரிக்கப்படுகிறது. இவ்வாறு பொதுப்பாதைக்குள்ளேயே ஒரு மறைவழி அமைந்துவிடுவதால் இதனைச் ‘சுரங்கவழி’ என்றும் அழைப்பர்.

இந்தியாவில் 2020 மார்ச் 25ஆம் நாள் முழு அடைப்பு தொடங்கியபோது, இந்த ஏற்பாடு ஒரே வாரத்தில் எண்ணற்ற வீடுகளுக்குள் புகுந்தது. அதுவரை கணிப்பொறித் துறையினர் மட்டுமே அறிந்திருந்த பெயரை ஆசிரியர்களும், கள அலுவலர்களும், எழுத்தர்களும் நாள்தோறும் சொல்லலாயினர். கூடவே, “வி.பி.என். மறுபடி அறுந்துவிட்டது” என்ற முறையீடும் எழுந்தது. அம்முறையீடு இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதன் காரணங்களையும், அவற்றைக் கண்டறிந்து நீக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சனத்நகரில் ஒரு வீடு

ஐதராபாத்தின் வடமேற்குப் பகுதியில் உள்ள சனத்நகர், தொழிற்பேட்டையாலும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் மருத்துவமனையாலும் பெயர் பெற்ற இடம். சற்றுத் தொலைவில் பாலாநகரில், செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களைப் பெற்று ஆராயும் தேசியத் தொலையுணர்வு மையம் இருக்கிறது. விண்ணிலிருந்து செய்தி தடையின்றி வந்து சேரும் இந்த வட்டாரத்தில், இக்கட்டுரையாளரின் வீட்டிலிருந்து அதே நகரிலுள்ள அலுவலகத்துக்கு ஒரு கோப்பு போய்ச் சேர மறுத்தது என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நடந்தது அதுவே.

அப்போது விதைநேர்த்தி பற்றிய ஒரு சிற்றேடு தமிழாக்கம் செய்யப்பட்டு, படங்களுடன் அச்சுக்குக் காத்திருந்தது. முதற்படியில் மருந்தின் அளவைக் குறிக்கும் அட்டவணையில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறியிருந்தது. திருத்திய படியை அலுவலகச் சேமிப்பகத்தில் வைத்தாக வேண்டும். வைக்காவிடில் பிழையுள்ள படியே அச்சேறும். ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்தளவு பத்து மடங்காகும். அதை நம்பி விதையில் மருந்தைக் கலக்கும் உழவருக்கு அதன் விளைவு என்னவென்பதைக் களப்பணியாளர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

திருத்திய கோப்பை அனுப்பத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். மீண்டும் இணைத்தால் சிறிது நேரம் இருக்கும், மறுபடி அறுபடும். இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் ஊழியர் மூன்று முறை வந்து பார்த்தார். கம்பியை மாற்றினார், செருகியை மாற்றினார், வேகத்தை அளந்து காட்டினார். “லைனில் ஒரு குறையும் இல்லை, சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலகத்தின் கணிப்பொறிப் பிரிவினரோ, “மற்றவர்களுக்கெல்லாம் சரியாக இருக்கிறதே, உங்கள் வீட்டு இணைப்பில்தான் கோளாறு இருக்க வேண்டும்” என்றனர். இருவர் கூறியதும் பொய்யன்று. ஆயினும் கோப்பு போகவில்லை.

குறிப்பேடு எழுதுதல்

களத்தில் பயிர் வாடினால், உடனே உரத்தையும் மருந்தையும் நீரையும் ஒருங்கே மாற்றிவிடுவது நல்ல முறையன்று. எந்தச் செடிகள் வாடின, எப்போது வாடின, அருகிலுள்ள செடிகள் எப்படி இருக்கின்றன என்று முதலில் குறித்துக்கொள்வோம். பின்னர் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் காண்போம். வி.பி.என். கோளாறுக்கும் இதுவே முறை. பெரும்பாலோர் செய்யும் தவறு, ஒரே மாலையில் ஐந்து மாற்றங்களைச் செய்துவிட்டு, எதனால் சரியாயிற்று, எதனால் கெட்டது என்று அறியாமல் தவிப்பதேயாகும்.

எனவே ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு முறை தொடர்பு அறும்போதும் நான்கு செய்திகளைக் குறிக்கலாயிற்று. மணி என்ன? அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? வி.பி.என். மட்டும் அறுந்ததா, அல்லது சாதாரண இணையமும் சேர்ந்து அறுந்ததா? அறை விளக்கு மினுங்கியதா? மூன்று நாட்களில் தொடர்பறுதல்கள் மூன்று கூட்டங்களாகத் தாமே பிரிந்து நின்றன. ஒரு கூட்டம், மின்சாரம் ஒரு கணம் போய் வரும்போது நிகழ்ந்தது. இரண்டாவது, தேநீர் அருந்த எழுந்து சென்று திரும்பும்போது, அதாவது கணிப்பொறி சும்மா இருக்கும்போது நிகழ்ந்தது. மூன்றாவது, பெரிய கோப்பை அனுப்பும்போது மட்டும் நிகழ்ந்தது. ஒரே நோய் என்று எண்ணியவை மூன்று நோய்கள்! ஒவ்வொன்றையும் தனித்தனியே காண்போம்.

முதற் காரணம்: மின்சாரம்

கணிப்பொறிக்கு மின்சேமக்கலம் இருந்தது. ஆனால் இணையத்தை வீட்டுக்குள் பகிர்ந்தளிக்கும் ரூட்டரும், ஒளியிழைக் கம்பி வந்து சேரும் சிறு பெட்டியும் சுவரிலுள்ள செருகியிலேயே மாட்டப்பட்டிருந்தன. மின்சாரம் அரை விநாடி போனாலும் அவை அணைந்து, மீண்டும் விழித்து, இணைப்பைப் பெற இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். கணிப்பொறித் திரையில் ஒரு மாற்றமும் தெரியாததால், மின்சாரம் போனதையே நாம் கவனிப்பதில்லை. பழி மட்டும் வி.பி.என்.மீது விழுகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறிக்கொள்ளும் சிறு இடைவெளியே சில ரூட்டர்களை அணைத்துவிடப் போதுமானது.

இதற்குப் பரிகாரம் எளிது. ரூட்டர்களுக்கென்றே விற்கப்படும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி, ரூட்டரையும் ஒளியிழைப் பெட்டியையும் அதில் இணைக்க வேண்டும். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவன. எனினும் வாங்குமுன் ரூட்டரின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து, அதற்கு ஏற்றதையே பெறுதல் வேண்டும்.

இரண்டாம் காரணம்: வாயிற்காவலரின் மறதி

ஓர் அலுவலக வாயிலில் காவலர் ஒருவர் பதிவேட்டுடன் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். உள்ளிருந்து ஒருவர் வெளியே கடிதம் அனுப்பினால், காவலர் அவர் பெயரைக் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும், பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறார். ஆனால் பதிவேட்டில் இடம் குறைவு. ஆகவே நெடுநேரம் கடிதப் போக்குவரத்து இல்லாதவர்களின் பெயர்களை அடித்துவிடுகிறார். அதன்பின் வரும் பதிலை, “இப்படி ஒருவர் இங்கு இல்லை” என்று ஒதுக்கிவிடுகிறார்.

வீட்டு ரூட்டர் செய்யும் முகவரி மாற்றப் பணி இதுவே. இணையத்தின் பழைய முகவரி முறையில் 32 இருமஎண்களே உண்டு. ஆகவே உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி முகவரிகளுக்கு மேல் இல்லை. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. பல வீடுகள் ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை நிறுவனங்கள் கைக்கொண்டன. அதற்கெனவே 2012 ஏப்ரலில் 100.64 என்று தொடங்கும் ஒரு தனி முகவரித் தொகுதியும் ஒதுக்கப்பட்டது. ஆகவே இன்று நம் செய்தி வீட்டு ரூட்டர் என்ற காவலரையும், நிறுவனத்தின் பெரிய காவலரையும், ஆக இருவரைக் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. இருவருள் எவர் மறந்தாலும் தொடர்பு அறும்.

காவலர் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டும்? யூ.டி.பி. என்னும் வகைப் பொதிகளுக்கு இரண்டு நிமிடங்களுக்குக் குறையலாகாது என்றும், ஐந்து நிமிடங்களோ அதற்கு மேலோ இருத்தல் நன்று என்றும் 2007ஆம் ஆண்டு வெளியான இணைய விதி கூறுகிறது. நடைமுறையில் சில கருவிகள் 30 விநாடியிலேயே பெயரை அடித்துவிடுகின்றன. தேநீர் அருந்தித் திரும்புவதற்குள் சுரங்கவழி மூடிவிடுவதன் மர்மம் இதுதான்.

பரிகாரம் யாதெனில், பேச ஒன்றுமில்லாதபோதும் இடையிடையே ஒரு சிறு பொதியை அனுப்பிக்கொண்டிருத்தல். இரவுக் காவலர் மணிக்கொருமுறை குரல் கொடுப்பதைப் போன்றது இது. இவ்வழக்கத்தை ‘உயிர்ப்புக் குறி’ எனலாம். ஐபிசெக் என்னும் முறையில் இதற்கு 20 விநாடி இயல்பான அளவாகக் குறிக்கப்பட்டுள்ளது. வயர்கார்டு என்னும் புதிய முறையில் 25 விநாடி பரிந்துரைக்கப்படுகிறது. பெரும்பாலான வி.பி.என். செயலிகளில் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. அலுவலகக் கணிப்பொறியாயின், அதை நாமே மாற்றாமல், “சும்மா இருக்கும்போது அறுகிறது; உயிர்ப்புக் குறியின் இடைவெளியைக் குறைத்துத் தருக” என்று கணிப்பொறிப் பிரிவுக்கு எழுதுவதே முறை. சனத்நகர் வீட்டில் இரண்டாவது கூட்டம் இந்த ஒரே மாற்றத்தால் மறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணிப்பொறியே மின்சிக்கனத்தின் பொருட்டு உறங்கிவிடுவதும், வலையமைப்பு அட்டையை அணைத்துவிடுவதும் உண்டு. அவ்வாறாயின் எந்த உயிர்ப்புக் குறியும் பயன்தராது. மின்சிக்கன அமைப்பில் அந்த அனுமதியை நீக்கிவிட்டுப் பிறகு சோதிக்க வேண்டும்.

மூன்றாம் காரணம்: வண்டியின் உயரம்

வைக்கோல் ஏற்றிய வண்டி ஊர் நுழைவாயிலைக் கடக்கிறது. வாயிலின் உயரத்துக்கு ஏற்றாற்போல் பாரம் ஏற்றியிருந்தால் தொல்லையில்லை. அதே வண்டியை மற்றொரு வண்டிமேல் ஏற்றி ஓட்டினால்? வெற்று வண்டி கடந்துவிடும். பாரவண்டி முட்டி நிற்கும்.

இணையத்தில் ஒரு பொதியின் அளவு பொதுவாக 1500 பைட்டுகளுக்கு மிகாமல் இருக்கும். பல ஒளியிழை, தொலைபேசிக் கம்பி இணைப்புகளில் பயனரை அடையாளம் காணும் பொருட்டு 8 பைட்டுகள் கூடுதலாகச் சேர்க்கப்படுவதால், மீதி இடம் 1492 ஆகிறது. வி.பி.என். தன் வெளியுறைக்காக மேலும் ஏறத்தாழ 60 முதல் 80 பைட்டுகள் வரை எடுத்துக்கொள்கிறது; முறைக்கேற்ப இது சற்றுக் கூடவோ குறையவோ செய்யும். ஆகவே உள்ளே வைக்கத்தக்க செய்தியின் அளவு 1400க்கு அருகே வந்துவிடுகிறது. செயலி இதை அறியாமல், பாதை 1500தான் என்று நம்பிப் பொதிகளை ஆக்கினால், சிறுபொதிகள் செல்லும். பெரும்பொதிகள் வாயிலில் முட்டும்.

முட்டிய செய்தியைத் திருப்பிச் சொல்லவும் ஓர் ஏற்பாடு உண்டு. “இது பெரிது, சிறிதாக்கி அனுப்புக” என்று வழியிலுள்ள கருவி தெரிவிக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டு விதி. ஆனால் சில பாதுகாப்புச் சுவர்கள் அவ்வகைச் செய்திகள் யாவற்றையும் தடுத்துவிடுகின்றன. அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மீண்டும் மீண்டும் அதே பெரும்பொதியை அனுப்பிக்கொண்டே இருப்பார். கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, சிறு கடிதங்கள் போகின்றன, பெரிய கோப்பு மட்டும் உறைந்து நிற்கிறது என்றால், காரணம் இதுவாக இருக்கலாம் என்று முதலில் ஐயுற வேண்டும்.

இதைச் சோதிப்பது கடினமன்று. வி.பி.என். இணைப்பைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தில் ‘பிங்’ என்ற கட்டளையைப் பிளக்கலாகாது என்னும் குறியுடனும் (அதற்குரிய எழுத்து சிறிய ‘எஃப்’), பொதியின் அளவுடனும் (அதற்குரிய எழுத்து சிறிய ‘எல்’) இணையத்தில் பதிலளிக்கும் ஒரு முகவரிக்கு அனுப்ப வேண்டும். 1472 என்ற அளவில் பதில் வந்தால் பாதை முழு அளவுள்ளது. ஏனெனில் 1472உடன் தலைப்புகளுக்குரிய 28 பைட்டுகளைக் கூட்ட 1500 ஆகும். பதில் வராவிடில் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். சனத்நகர் வீட்டில் 1464இல்தான் பதில் வந்தது. 28ஐக் கூட்ட 1492.

அப்போதுதான் மர்மம் விளங்கிற்று. முன்பிருந்த இணைப்பு 1500 பைட் பாதை. அதில் தொல்லை தோன்றவில்லை. அண்மையில் மாற்றிய ஒளியிழை இணைப்பு 1492 பைட் பாதை. வேகத்தில் அது பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் வாயில் எட்டு பைட் தாழ்ந்தது. கம்பியைச் சோதித்த ஊழியர் கூறியதும் சரி. மற்றவர்களுக்கு வேலை செய்கிறது என்று அலுவலகத்தார் கூறியதும் சரி. எட்டு பைட் வேறுபாட்டை இருவரும் அளக்கவில்லை, அவ்வளவே. இந்த எண்களுடன் எழுதியதும், கணிப்பொறிப் பிரிவினர் சுரங்கவழியின் பொதியளவை 1380 ஆகக் குறைத்துத் தந்தனர். அன்று மாலையே கோப்பு முழுவதும் சென்றது.

புதிய முகவரி முறையான ஐ.பி. ஆறாம் பதிப்பைப் பயன்படுத்தும் இடங்களில் இந்த அளவை 1280க்குக் கீழே இறக்கலாகாது. அம்முறையில் அதுவே மிகக் குறைந்த அளவாக வகுக்கப்பட்டுள்ளது.

பிற காரணங்கள்

மேற்கூறிய மூன்றும் ஒரு வீட்டின் அனுபவம். வேறு காரணங்களும் உண்டு. அவற்றை அறிகுறியுடன் கூறுவோம்.

கம்பியில்லா இணைப்பு: 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் அண்டை வீடுகளின் ரூட்டர்கள் ஒன்றையொன்று இடையூறு செய்கின்றன. நுண்ணலை அடுப்பும் இதே அலைவரிசையில் இயங்குவதால் தொல்லை தரும். ஒன்றோடொன்று மேற்படியாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரு நாள் முழுவதும் கம்பிவழி இணைத்துப் பாருங்கள். தொல்லை நீங்கினால், கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்போது 5 கிகாஹெர்ட்சு அலைவரிசைக்கு மாறலாம். கம்பியையே நிலையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரம்: வி.பி.என். இணைப்பின் இருமுனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணச் சான்றிதழ்களைக் காட்டுகின்றன. சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறியின் கடிகாரம் பிழையாக இருந்தால், நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தோன்றும். பழைய மேசைக் கணிப்பொறிகளில் மின்சாரம் போனபிறகு மட்டும் இணைப்பு மறுக்கப்பட்டால், உள்ளேயிருக்கும் நாணய வடிவ 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கலாம். இந்தியக் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் காலச் சேவையகங்களோடு கடிகாரங்களை ஒத்திசைக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. இந்தியத் திட்ட நேரத்தைக் காத்துவரும் இடம் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமே.

முகவரி மோதல்: வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே உள்முகவரித் தொகுதி, எடுத்துக்காட்டாக 192.168.1 என்று தொடங்குவது, இருந்தால் வி.பி.என். இணைந்ததாகக் காட்டும், ஆனால் அலுவலகச் சேமிப்பகம் திறவாது. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இரண்டு தெருக்கள் இருந்தால் தபால்காரர் அருகிலுள்ளதற்கே செல்வது போன்றது இது. வீட்டு ரூட்டரின் தொகுதியை மாற்றிவிட்டால் தீரும்.

சரியாக ஒரே கால அளவில் அறுதல்: மணி தவறாமல் ஒரு மணிநேரத்துக்கொருமுறை அறுந்தால், அது கம்பிக் கோளாறன்று. ஓப்பன்வி.பி.என். என்னும் முறையில் திறவுகோலை 3600 விநாடிக்கொருமுறை புதுப்பிப்பது இயல்பு. ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு இருந்தால், புதுப்பிக்கும்போது அது மீண்டும் கேட்கப்பட்டு, பதிலின்றி அறும். எட்டு மணி, பன்னிரண்டு மணி என்று அறுவது அலுவலகம் வேண்டுமென்றே வகுத்த வரம்பாகவும் இருக்கக்கூடும்.

சுமைமேல் சுமை: டி.சி.பி. என்னும் வகையில், பொதி தொலைந்தால் மீண்டும் அனுப்பும் பொறுப்பு உண்டு. சுரங்கவழியும் டி.சி.பி., உள்ளே செல்லும் செய்தியும் டி.சி.பி. என்றால், ஒரு பொதி தொலைந்ததும் இருவரும் மீண்டும் அனுப்பத் தொடங்கி நெரிசல் பெருகும். எனவே இயன்றவரை சுரங்கவழிக்கு யூ.டி.பி.யையே தேர்தல் நன்று. யூ.டி.பி. தடுக்கப்பட்ட விடுதிகளிலும் விருந்தினர் இல்லங்களிலும் மட்டும் டி.சி.பி.யை நாடலாம்.

இடம் பெயர்தல்: பேருந்திலோ களத்திலோ கைப்பேசியைப் பயன்படுத்துவோர், கம்பியில்லா இணைப்பிலிருந்து கைப்பேசி இணைப்புக்கு மாறும்போது முகவரி மாறிவிடுகிறது. 2006ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ‘மொபைக்’ என்னும் ஏற்பாட்டுடன் கூடிய ஐ.கே.ஈ. இரண்டாம் பதிப்பும், வயர்கார்டும் இம்மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். களப்பணியாளருக்கு இவையே ஏற்றவை.

எங்கே கோளாறு என்று பகுத்தறிதல்

தந்திக்கம்பி அறுந்தால் கம்பி ஊழியர் முழுத் தொலைவையும் நடப்பதில்லை. பகுதி பகுதியாகச் சோதித்து, பழுது எப்பகுதியில் உள்ளதென்று அறிவார். நாமும் தொடர்பு குலையும்போது மூன்று இடங்களுக்குப் ‘பிங்’ அனுப்பிப் பார்க்கலாம். முதலில் வீட்டு ரூட்டர்; அடுத்து இணையத்தில் ஒரு பொதுமுகவரி; இறுதியில் சுரங்கவழியாக அலுவலகத்தின் உள்முகவரி. ரூட்டரிடமிருந்தே பதில் தாமதித்தால் கோளாறு வீட்டில். ரூட்டர் நன்றாயிருந்து பொதுமுகவரி பதிலளிக்காவிடில் கோளாறு இணைப்பு நிறுவனத்தில். இரண்டும் சரியாயிருந்து அலுவலகம் மட்டும் மௌனமாயிருந்தால் கோளாறு சுரங்கவழியில். இந்த முடிவை மணியுடன் எழுதி அனுப்பினால், யாரிடம் முறையிட வேண்டுமோ அவரிடமே முறையிட்டவராவோம்.

முறைகளின் வரலாறு

வி.பி.என். முறைகளுள் பழமையான ஒன்று பி.பி.டி.பி. என்பது. இது 1996ஆம் ஆண்டளவில் உருவாகி, 1999 ஜூலையில் விதியாக வெளியிடப்பட்டது. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் குர்தீப் சிங் பால். இம்முறையின் கடவுச்சொல் சோதனை உடைக்கத்தக்கது என்று 2012இல் செயல்முறையாகக் காட்டப்பட்டது. ஆகவே பழைய ரூட்டர்களில் இது இன்னும் காணப்பட்டாலும் பயன்படுத்துதல் தகாது. 2001இல் ஜேம்ஸ் யோனன் ஓப்பன்வி.பி.என். முறையை வெளியிட்டார், மத்திய ஆசியாவில் பயணம் செய்தபோது, நம்பத்தகாத பிணையங்களின் வழியே தம் அலுவலகத்தோடு தொடர்புகொள்ள நேர்ந்ததே அவரை இதில் ஈடுபடுத்தியது. ஜேசன் டோனன்பெல்டு ஆக்கிய வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் கருநிரலின் 5.6ஆம் பதிப்பில் சேர்ந்தது. நம் நாட்டில் 1976இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம் அரசு அலுவலர்களுக்கு வி.பி.என். வசதியை அளித்து வருகிறது.

செய்யலாகாதவை

தொடர்பு அறும் எரிச்சலில் மனிதர் செய்யும் காரியங்களே கோளாற்றைவிடத் தீமையானவை. பாதுகாப்புச் சுவரை அணைத்துவிடுதல், சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையைப் படியாமல் ஒப்புக்கொள்ளுதல், விளம்பரத்தில் கண்ட இலவச வி.பி.என். செயலியை அலுவலகக் கணிப்பொறியில் ஏற்றுதல், கோப்பைத் தனிப்பட்ட அஞ்சல் மூலம் அனுப்புதல் ஆகிய நான்கையும் தவிர்க்க வேண்டும். அலுவலக வி.பி.என். நம்மை அலுவலகத்தோடு இணைக்கிறது. இலவசச் செயலியோ நம் செய்தி அனைத்தையும் முன்பின் அறியாத ஒருவர் கையில் ஒப்படைக்கிறது. பெயர் ஒன்றாயினும் இரண்டும் வேறு.

சனத்நகரிலும் அந்த ஆசை எழாமலில்லை. சிற்றேட்டுக் கோப்பில் இரகசியம் ஏதுமில்லையே, தனி அஞ்சலில் அனுப்பிவிடலாமே என்ற எண்ணம் இரண்டு இரவுகள் வந்து போயிற்று. ஆனால் அவ்வாறு அனுப்பிய படி ஒருவர் அஞ்சற்பெட்டியில் தங்கிவிட, சேமிப்பகத்தில் பழைய படியே இருக்கும். அச்சகத்தார் எடுப்பதோ சேமிப்பகத்திலிருந்து. இரண்டு படிகள் உலவுவதைக் காட்டிலும் ஒரு நாள் தாமதம் மேல் என்று தோன்றிற்று. அவ்வாறே ஒரு நாள் தாமதமும் ஆயிற்று. முதலில் அச்சேறிய சில தாள்களில் அந்தத் தசமப்புள்ளியைக் கையினாலேயே திருத்த வேண்டி வந்தது. எஞ்சியவை சரியாக அச்சாயின.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் கணிப்பொறியின்றியே விளக்கலாம். ஓர் அட்டைப் பெட்டியில், தபால் உறை ஒன்று சரியாக நுழையும் அளவுக்குப் பிளவு வெட்டுக. மடித்த கடிதத்தை உறையிலிட்டுப் பிளவில் நுழைக்கச் செய்க; நுழையும். அவ்வுறையைச் சற்றுப் பெரிய மற்றோர் உறைக்குள் இட்டு நுழைக்கச் செய்க; நுழையாது. பிளவைப் பெரிதாக்க அனுமதியில்லை என்று கூறி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கடிதத்தை இரண்டாகப் பிரித்துச் சிறு உறைகளில் அனுப்பலாம் என்று எவரேனும் ஒரு மாணவர் கூறுவார். பொதியளவைக் குறைத்தல் என்பதன் முழுத் தத்துவமும் அதுவே.

கருவி பெரிதாயினும் சிறிதாயினும், கோளாறு கண்டபோது விஞ்ஞானம் காட்டும் வழி ஒன்றேயாகும். கவனித்து எழுதுக, வகைப்படுத்துக, ஒன்றை மட்டும் மாற்றுக, மீண்டும் எழுதுக. இவ்வழியில் நடப்பவர், “லைன் சரியில்லை” என்று பொதுவாகக் கூறாமல், “என் பாதை 1492 பைட், அதற்கேற்ப அளவைக் குறையுங்கள்” என்று கூற வல்லவராவார். அத்தகைய முறையீட்டை எந்த அலுவலகமும் அலட்சியம் செய்ய இயலாது.